செக்குமாட்டு வட்டத்தில் என்னதான் இருக்கிறது?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தை முதல் முறை பார்ப்பவர் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவார்: "செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்காங்க, இதுல என்ன இருக்கு?" கேட்பதில் தப்பில்லை. டேடோனா 500 என்றால் 2.5 மைல் டிராக்கை 200 முறை சுற்ற வேண்டும். மார்ட்டின்ஸ்வில்லில் டிராக்கின் நீளமே 0.526 மைல்தான், அதையே 500 முறை சுற்றும் பந்தயம் அங்கே உண்டு. திருப்பம் எல்லாம் இடப்பக்கம்.

ஆனால் டிராக் மாறாததால்தான் மற்ற மாற்றமெல்லாம் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயர் தேய்கிறது, பெட்ரோல் குறைந்து கார் லேசாகிறது, வெயில் இறங்க இறங்க டிராக்கின் சூடு தணிகிறது, காலையில் வேகமாக இருந்த கோடு (கார் ஓடும் தடம்) மாலையில் வழுக்குகிறது. அதை யார் முதலில் மோப்பம் பிடிக்கிறார் என்பதுதான் போட்டி. ஃபார்முலா ஒன் டிராக்கில் உட்கார்ந்தால் ஒரு வளைவுதான் தெரியும். கார் வந்து போனதும் அடுத்த சுற்று வரைக்கும் பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டும். ஓவல் டிராக்கில் பெரும்பாலான இருக்கைகளிலிருந்து முழு வட்டமும் தெரியும். பன்னிரண்டாம் இடத்தில் நடக்கும் சண்டையைக்கூட ஆரம்பத்திலிருந்து முடிவு வரை விடாமல் பார்க்கலாம்.

புதிதாகப் பார்க்க வருபவர்களை எல்லோரும் டேடோனாவுக்குத்தான் அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டால் அது தப்பு. முதலில் டார்லிங்டன் பார்க்க வேண்டும். தெற்கு கரோலினாவில் 1950-இல் திறந்த டிராக், 1.366 மைல், முட்டை வடிவம். ஒரு முனை குறுகிப்போனதற்குக் காரணம் பொறியியல் இல்லை, ஒரு மீன் குட்டை. நிலத்தைக் கொடுத்தவர் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இரண்டு முனைக்கும் ஒரே செட்டிங் சரிப்படாது. ஒரு முனையில் சுகமாகத் திரும்பும் கார் மறு முனையில் அடம்பிடிக்கும். வேகமான கோடு வெளிச்சுவரை ஒட்டியே ஓடும். வலப்பக்கம் பெயிண்ட் உரிந்து போவதற்கு 'டார்லிங்டன் ஸ்ட்ரைப்' என்று பெயரே உண்டு. தரை உப்புத்தாள் மாதிரி டயரைத் தின்னும். புது டயரில் பறந்த கார் இருபது, முப்பது சுற்றில் தள்ளாடும். அடக்கி ஓட்டி டயரைக் காப்பாற்றி வைத்தவர் அப்போதுதான் பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வருவார். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற டிராக்குகள் தானாகவே பிடிபடும்.

டைட், லூஸ் என்ற இரண்டு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு கேட்காமல் வெளிச்சுவரைப் பார்த்தே போனால் கார் டைட். மூக்கு சொன்னபடி திரும்பி, வால் வெளியே வழுக்கினால் லூஸ். காருக்குள் இருக்கும் கேமராவில் டிரைவரின் கையைப் பாருங்கள். இடது வளைவின் நடுவில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று வலப்பக்கம் ஒடித்தால், வால் போய்விட்டது, அதைப் பிடித்து நிறுத்துகிறார் என்று அர்த்தம். பிட்டில், அதாவது டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் கார் நிற்கும் இடத்தில், பின்கண்ணாடித் துளை வழியே ஒருவர் நீளமான ரிஞ்சை விட்டுத் திருகுவது இதைச் சரிசெய்யத்தான். அதற்கு வெட்ஜ் என்று பெயர். ஏற்றினால் வலது முன் சக்கரத்திலும் இடது பின் சக்கரத்திலும் பாரம் கூடி, கார் டைட் பக்கம் சாயும். இறக்கினால் லூஸ் பக்கம். டயர் காற்றில் அரை பவுண்டு கூட்டிக் குறைத்தாலே டிரைவருக்குத் தெரியும். சார்லட்டில் நடக்கும் 600 மைல் பந்தயம் மாலை வெயிலில் தொடங்கி இரவில் முடியும். வெயிலில் கச்சிதமாக இருந்த கார், டிராக் குளிர்ந்ததும் பெரும்பாலும் டைட் ஆகிவிடும். அதனால் முதல் நூறு சுற்றில் யார் முன்னால் ஓடுகிறார் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிட் ஸ்டாப்பை ஒரு தடவையாவது ஸ்லோமோஷனில் பார்க்க வேண்டும். சுவர் தாண்டி வருவது ஐந்தே பேர்: ஜாக் போடுபவர், டயர் மாற்றுபவர் இருவர், டயர் தூக்கி வருபவர் ஒருவர், பெட்ரோல் ஊற்றுபவர் ஒருவர். கார் நின்றும் நிற்காமலும் ஜாக்மேன் முன்பக்கமாகச் சுற்றி வலப்பக்கம் ஓடுவார். ஜாக் ஏறியதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்தே தரையை விடும். அதே நேரத்தில் இடது பின்பக்கம் பெட்ரோல் கேன் செருகப்படும். நிரம்பிய கேன் 40 கிலோவை நெருங்கும், டேங்க்கை முழுக்க நிரப்ப இரண்டு கேன் வேண்டும். வலது இரண்டும் முடிந்ததும் எல்லோரும் இடப்பக்கம் பாய்வார்கள். இடப்பக்கம் ஜாக் இறங்குவதுதான் டிரைவருக்குச் சைகை. அது விழுந்த கணமே கிளம்பிவிடுவார். எல்லாம் சேர்ந்து பத்து விநாடி, சில நேரம் அதற்கும் குறைவு.

2022-இல் புதிய கார் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் ஐந்து நட்டு. இப்போது நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. வேலை சுலபமாகிவிட்டதென்று தோன்றும். முன்பு ஐந்தில் ஒன்று சரியாக இறுகாவிட்டாலும் ஓட்டிச் சமாளிக்க முடிந்தது. இப்போது இருக்கும் ஒன்று உட்காரவில்லை என்றால் சக்கரமே கழன்று ஓடும். அந்த முதல் வருடம், ஓடும்போது சக்கரம் கழன்றால் காரின் அணியை நடத்தும் க்ரூ சீஃபுக்கும் இரண்டு ஊழியருக்கும் நான்கு பந்தயம் தடை.

விபத்து மாதிரி ஏதாவது நடந்து, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்தால் பலர் எழுந்து சாப்பிடப் போகிறார்கள். உட்கார்ந்திருங்கள், அப்போதுதான் கணக்கு தொடங்குகிறது. இடைவெளி எல்லாம் அழிந்து எல்லோரும் ஒரே கூட்டமாகச் சேர்வார்கள். ஒரு சுற்று பின்தங்கியவர்களில் முதலாமவருக்கு அந்தச் சுற்று திரும்பக் கிடைக்கும். முன்னால் இருப்பவர் பிட்டுக்குப் போய்ப் புது டயர் போடுவாரா, இடத்தை விடாமல் பழைய டயரிலேயே நிற்பாரா? அவர் எதைச் செய்தாலும் பின்னால் சிலர் நேர்மாறாகச் செய்வார்கள். பந்தயம் முடியும் தறுவாயில் மஞ்சள் விழுந்தால் கூடுதல் சுற்று ஓடுவார்கள். 2020 டேடோனா 500 அப்படித்தான் 209 சுற்றுக்குப் போனது.

டேடோனா, டல்லடேகா என்ற இரண்டு பெரிய டிராக்கும் வேறு விளையாட்டு. டேடோனாவின் வளைவு 31 டிகிரி சாய்வு, டல்லடேகா 33. 1987-இல் டல்லடேகாவில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தில் தகுதிச் சுற்றை ஓட்டினார். அதே வார இறுதியில் பாபி அல்லிசனின் கார் பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அடுத்த வருடமே எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் பிளேட் வந்துவிட்டது. வேகம் குறைந்ததும் யாரும் யாரையும் விட்டு விலகிப் போக முடியவில்லை. முப்பது, நாற்பது கார் ஒரே கொத்தாக ஓட ஆரம்பித்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஓடும் இரண்டு கார், தனியாக ஓடும் காரைவிட வேகமாகப் போகும். துணையில்லாமல் வரிசையை விட்டு விலகினால் ஒரே சுற்றில் பதினைந்து இடம் போகும். ஒருவர் சறுக்கினால் பின்னால் வரும் இருபது பேருக்கும் தப்ப வழியிருக்காது. இப்போது இங்கே இன்னொரு வியாதி: பிட்டில் குறைவாக ஊற்றினால் சீக்கிரம் கிளம்பலாம் என்று ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தே பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார்கள். மூன்று வரிசையாகப் பார்க்க ஜோர். நிஜத்தில் பாதிப் பேர் பந்தயமே ஓடவில்லை.

நேரில் போகிறவர்களுக்கு: பெரிய டிராக்கில் எவ்வளவு உயரத்தில் இடம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. கீழ் வரிசை டிக்கெட் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எதிர்ப்பக்கம் தெரியாது, வேலிக் கம்பிதான் தெரியும், தேய்ந்த டயர்த் துணுக்கு முகத்தில் வந்து விழும். பிரிஸ்டல் மாதிரிச் சின்னக் கிண்ணத்தில் எங்கே உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ஒரு சுற்று பதினைந்து விநாடிதான். ஆனால் சத்தம் அங்கேதான் அதிகம். காதில் பஞ்சு வைப்பது போதாது, நுரை அடைப்பான் வைத்து அதன்மேல் இயர்மஃப் போடுங்கள். குழந்தைக்கு அவசியம். இன்னொன்று, அணிகளின் ரேடியோ பேச்சைக் கேட்கும் ஸ்கேனர். டிரைவரும் க்ரூ சீஃபும் கூரைமேல் நின்று பக்கத்தில் வரும் கார்களைச் சொல்லும் ஸ்பாட்டரும் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஸ்பாட்டர் ஒருவர் "உள்ளே ஒருவன், இன்னும் உள்ளே, தாண்டியாச்சு" என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டே இருப்பதைக் கேட்டுப் பழகியவர்கள் டிவி வர்ணனைக்குத் திரும்புவது கஷ்டம்.

பந்தயத்தை முடிக்கும் கொடி விழுவதற்கு முன்னால் எழுந்து போகாதீர்கள். 2022 மார்ட்டின்ஸ்வில்லில் கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் பத்தாவது இடம். சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குத் தேறக் குறைந்தது இரண்டு இடமாவது முன்னேற வேண்டும். காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஆக்சிலரேட்டரை விடாமல் சுவரே திருப்பட்டும் என்று விட்டுவிட்டு ஐந்து பேரைத் தாண்டினார். 2024-இல் கேன்சஸில் கைல் லார்சன், கிறிஸ் பியூஷரை முந்தியது 0.001 விநாடியில்.

கொடி விழுந்த பிறகும் சோதனை இருக்கிறது. 1949-இல் நாஸ்காரின் முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் (விற்பனைக்கு வந்த காரை மாற்றாமல் ஓட்டும்) பந்தயத்தில் முதலில் வந்த க்ளென் டன்அவே, பின் ஸ்பிரிங்கில் கைவைத்த கார் என்று தகுதி இழந்தார். வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. 2022-இல் போகோனோவில் முதல் இரண்டு இடத்தில் வந்த டென்னி ஹாம்லினும் கைல் புஷ்ஷும் முன்பக்க பாடியில் ஒட்டியிருந்த கூடுதல் சமாச்சாரத்துக்காக நீக்கப்பட்டார்கள். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் வென்றார். அன்றைக்கு அவர் ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடவில்லை.