கோர்ஃபு (கிரேக்கத் தீவு), மூன்றாம் மாடி

13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

காலையிலேயே தெருவில் பேண்டு. மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். புனித ஸ்பிரிதோனின் உடலை நின்ற வாக்கில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கண்ணாடிக்குள் கறுத்த முகம் லேசாக ஆடியது. 1629-ல் ஊரைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றினாராம். வருடத்துக்கு நாலு தடவை வெளியே வருகிறார். எனக்கு ஒரு தடவை வாய்த்தால் போதும்.

14 ஏப்ரல்

அரிப்பு. பின்னல் ஊசி எட்டவில்லை.

15 ஏப்ரல்

யாயா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) சொன்ன கதை: புனிதர் ராத்திரியில் எழுந்து தீவு முழுக்க நடக்கிறார், கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ. அதனால் செருப்பு தேய்ந்துபோகிறது. புதுசு மாட்டிவிட்டு, பழையதைத் துண்டு துண்டாக வெட்டிப் பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். யாயாவின் துண்டு மணிபர்ஸில் இருக்கிறது, தபால்தலை அளவு, ஓரமெல்லாம் நூல் பிரிந்து. செத்து 1600 வருஷமாகியும் நடக்கிறாரே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

17 ஏப்ரல், வியாழன்

முட்டைக்குச் சாயம். யாயாவின் விரலெல்லாம் சிவப்பு. போன் வரவில்லை.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மதியத்திலிருந்து ஒவ்வொரு கோயிலின் எபிதாஃபியோஸும் கிறிஸ்துவின் பூ மூடிய பாடையாக நகர்கிறது, ஒவ்வொன்றுக்கும் சாவு மேளம். எதிர்வீட்டுப் பெண் வாரம் முழுக்க கிளாரினெட்டில் ஒரே இடத்தில் இடறிக்கொண்டிருந்தாள். ராத்திரி பேராலயத்து ஊர்வலத்தில் ஊர்ப் பெரிய பேண்டுக் குழுக்கள் எல்லாம் வந்தன, 1840-ல் ஆரம்பித்த பழைய ஃபில்ஹார்மோனிக்கும்தான். இடறினாளா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நடைக்கு என்ன பொறுமை! ஒரு அடி, நிற்பு, ஒரு அடி. ஊன்றுகோலோடுகூட நான் ஈடுகொடுத்திருப்பேன்.

19 ஏப்ரல், சனி

காலையில் மறுபடி ஸ்பிரிதோன், கூடவே அந்தக் கோயில் எபிதாஃபியோஸும். வெனிஸ்காரர்கள் 1574-ல் வெள்ளிக்கிழமை ஊர்வலத்தைத் தடுத்ததால் சனிக்கு மாற்றினார்களாம். தடுத்தவர்கள் போய்விட்டார்கள், சனிக்கிழமை மட்டும் தங்கிவிட்டது.

பதினொன்றுக்கு மணிகள். ஊரே பால்கனியிலிருந்து பானை வீசும் நேரம். யாயா சிவப்பு ரிப்பன் கட்டிய மண்பானையை என் கையில் திணித்தார், விளிம்புவரை தண்ணீர். "பெதீ மு, என் பிள்ளையே, வீசு!" இடுப்பை அவர் பிடித்துக்கொண்டார். பால்கனிக் கம்பிக்கு மேலே தூக்கும்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது, ஊன்றுகோல் சாய்ந்தது. வீசிவிட்டேன். கீழே வெடித்த சத்தத்தில் என் சத்தம் எது என்று தெரியவில்லை. அப்புறம் யாயா மூன்று மாடி இறங்கி ஒரு சில்லு பொறுக்கி வந்தார், அதிர்ஷ்டமாம். தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஊன்றக் கூடாத காலை ஊன்றிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

நள்ளிரவில் வாணவேடிக்கை. யாயா மெழுகுவர்த்திச் சுடரை உள்ளங்கையால் பொத்தி, அணையாமல் மாடியேற்றி, வாசல் நிலைக்கு மேலே புகையால் சிலுவை போட்டார். ஆட்டுக்குடல் சூப் பிரமாதம், இரண்டு கிண்ணம்.

விரல்கள் வீங்கியிருக்கின்றன. அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன், ஐந்துதான்.

21 ஏப்ரல்

எல்லாம் லீவு. எதிர்வீட்டில் கிளாரினெட் இல்லை. சில்லைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம் இன்னும் ஈரமாக