பழைய மாருதி 800 சூடேறினால் எஞ்சினை இறக்க முதல் தண்ணியைப் பாருங்கள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் மலிவு விலைக்கு வாங்கின பழைய மாருதி 800க்கு முதல் வரும் வருத்தம் அநேகமாகச் சூடுதான். உடனே ஹெட் (எஞ்சினின் மேற்பாகம்) கழற்ற வேணும், வேறை எஞ்சின் போட வேணும் என்று கதை தொடங்கிவிடும். அவசரப்படாதீர்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர் உள்ள அந்தச் சின்ன எஞ்சின் நல்ல உறுதியானது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அதற்குள் விடுகிற கிணற்றுத் தண்ணிதான்.

வன்னியில் பல கிணறுகளில் தண்ணி கடினத் தண்ணி. வீட்டுக் கேத்திலின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். முட்டைக்கோது போல வெள்ளைப் படை கழன்று வரும். அதே படை ஹெட்டுக்குள்ளேயும் றேடியேற்றர்க் குழாய்களுக்குள்ளேயும் பிடிக்கும். ஆவியாகிப் போவது தண்ணி மட்டும், சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். கிழமைக்கு ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணி விட்டு விட்டு ஓடின காரில் இது வருசக்கணக்காகச் சேர்ந்திருக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஏ9இல் ஓடும்போது சரியாக இருந்து, சந்தைக்குள் நிற்கும்போது ஏறினால் குற்றம் ஃபானில். நிற்கும்போது சரியாக இருந்து, 60, 70இல் ஓடும்போது ஏறினால் றேடியேற்றர் அடைத்திருக்கிறது. எப்படி ஓடினாலும் ஏறி, தண்ணியும் குறைந்துகொண்டு போனால் ஒழுக்கையும் ஹெட் காஸ்கற்றையும் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகட்டையும்) பார்க்க வேணும். மீற்றர் ஊசியை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணி முழுக்கப் போய்விட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், ஊசி கீழே விழுந்து குளிர் காட்டும். ஏறி நின்ற ஊசி திடீரென்று விழுந்தால் அந்த இடத்திலேயே காரை நிறுத்துங்கள்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். செங்கல் நிறத் தண்ணி என்றால் துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது ஓயில் கோல் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால், காஸ்கற் போயிருக்க இடமுண்டு. ஓயில் ஊற்றும் மூடியின் உட்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை இருந்தால் பயப்பட வேண்டாம். கிட்டக் கிட்ட ஓடும் காரில் ஈரப்பதனால் அப்படி வரும். றேடியேற்றர் மூடி திறந்தபடி எஞ்சினை ஸ்ராட் பண்ணுங்கள். தொடக்கத்தில் வருகிற ஒன்றிரண்டு குமிழி உள்ளே நின்ற காற்று. நிறுத்தாமல் குமிழி வந்து, அக்சிலேற்றரை அழுத்த அது கூடினால் சிலிண்டர் வாயு தண்ணிக்குள் வருகிறது. மூடியைப் பூட்டி ஸ்ராட் பண்ணி ஒரு நிமிசத்துக்குள், தண்ணி சூடாக முதலே, மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகினாலும் அதே அர்த்தம்தான்.

இதெல்லாம் இல்லை என்றால் ஃபான். தண்ணி சூடானதும் ஃபானைச் சுற்றவிடும் சுவிச்சின் இரண்டு வயரையும் கழற்றி, சாவியைப் போட்டு, ஒன்றோடொன்று தொடுத்துப் பாருங்கள். சுற்றினால் சுவிச் பழுது. சுற்றாவிட்டால் பியூஸ், றிலே, எர்த் வயர், மோட்டர் என்று ஒழுங்காகப் போங்கள். எர்த் வயர் பூட்டிய இடத்தில் துருப் பிடித்திருப்பது மிகச் சாதாரணம், அரத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். வயர் மாற்றிப் பூட்டியதால் ஃபான் எதிர்ப்பக்கம் சுற்றுகிற கார்களும் உண்டு. ஒரு கொப்பித் தாளை றேடியேற்றரின் முன்பக்கம் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேணும். பறந்தால் ஃபான் காற்றை முன்னுக்குத் தள்ளுகிறது, ஓடும்போது எதிரே வரும் காற்றோடு அது சண்டைபிடிக்கும். சில கராஜ்களில் டாஷ்போட்டில் ஒரு சுவிச்சை வைத்து மெல்லிய வயரில் ஃபானை நேரே பூட்டி விடுகிறார்கள். வயர் சூடாகி உருகும், போட மறந்தால் எஞ்சின் போகும். கைச்சுவிச் வேணுமென்றால் பழைய சுவிச்சோடு சேர்த்து, றிலேயும் பியூசும் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

றேடியேற்றர் அடைப்பைக் கையாலேயே அறியலாம். நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை நிறுத்தி, பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி (ஃபான் தானாகச் சுற்றத் தொடங்கினால் விரல் போய்விடும்), செதில்களின் மேல் உள்ளங்கையை மெல்ல நகர்த்துங்கள். சூடு படிப்படியாகக் குறைந்து வர வேணும். நடுவில் ஒரு இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. வெளிப்பக்கத்தையும் பாருங்கள். கிறவல் புழுதியும் மாரிச் சேறும் செதில்களுக்கிடையில் காய்ந்து சுவராக நிற்கும். அதை எஞ்சின் பக்கமிருந்து முன்னுக்கு, மெல்லிய தண்ணி விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வோஷை கிட்டப் பிடித்தால் செதில் மடிந்துவிடும்.

உள்ளே கழுவ சிற்றிக் அசிட் நல்லது. எஞ்சின் குளிர்ந்த நிலையில் பழைய தண்ணியை இறக்கி, தெர்மோஸ்ராற்றைக் (சூடானதும் திறந்து தண்ணியை றேடியேற்றருக்கு விடும் வால்வை) கழற்றி, வெறும் தண்ணியால் ஒருமுறை அலசுங்கள். லீற்றருக்கு 50 கிராம் அளவில் கரைத்து நிரப்பி, 20 தொடக்கம் 30 நிமிசம் எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு இறக்குங்கள். கோப்பி நிறத்தில் வரும், கூடவே வெள்ளைத் தூளும் வரும். தெளிந்த தண்ணி வரும்வரை மூன்று நான்கு தரம் அலச வேணும். ஹெட் அலுமினியம் என்பதால் அசிட்டை இரவு முழுக்க உள்ளே விடக்கூடாது. கக்கூஸ் கழுவுகிற அசிட்டைத் தொடவே வேண்டாம். அது அலுமினியத்தையே தின்னும். கழுவிய பிறகு புதிதாக ஒழுகத் தொடங்கினால் அசிட்டைக் குறை சொல்லாதீர்கள், அந்த ஓட்டையைச் சுண்ணாம்புதான் அடைத்து வைத்திருந்தது. பழைய செம்பு றேடியேற்றர் என்றால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஈயம் பிடிக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டி உள்ளது என்றால் புதிதாக வாங்குவதே மலிவு.

தெர்மோஸ்ராற்றை எறிந்துவிட்டு "இனிச் சூடேறாது" என்று சொல்லும் பழக்கம் நல்லதல்ல. அது இல்லாமல் எஞ்சின் சூடாக நெடுநேரம் எடுக்கும், பெற்றோல் கூடச் செலவாகும், சிலிண்டரும் கெதியில் தேயும். சட்டித் தண்ணியில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், சட்டியின் அடியில் முட்டக்கூடாது. 82 என்று அடித்திருந்தால் 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கி, கொதிக்க முதல் முழுக்கத் திறக்க வேணும். பூட்டும்போது காற்றுப் போகும் சின்னத் துளை மேற்பக்கம் வரட்டும்.

றேடியேற்றர் மூடியை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. 0.9 என்று அடித்த மூடி ஒழுங்காக இருந்தால் உள்ளே தண்ணி 118 பாகை அளவில்தான் கொதிக்கும். றப்பர் வெடித்திருந்தால் 100இலேயே கொதித்து வெளியே தள்ளும். அடியில் உள்ள சின்ன வால்வை நகத்தால் இழுத்துப் பாருங்கள், சுதந்திரமாக அசைய வேணும். அது இறுகினால் எஞ்சின் ஆறும்போது ஹோஸ் சப்பிப்போகும். பக்கத்துப் போத்தல் நிறைந்திருக்க றேடியேற்றர் வெறுமையாகும். போத்தலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

தண்ணிப் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அங்கே ஈரமோ பச்சை, வெள்ளைக் கறையோ தெரிந்தால் சீல் போய்விட்டது. பம்பில் பெல்ற் ஓடும் சில்லைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இருக்கக்கூடாது. பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்த 8 மி.மீ. அளவில் இறங்கினால் சரி.

கடைசியாக ஹெட் கழற்றத்தான் வேணும் என்றால், வெறும் காஸ்கற்றை மாற்றிப் பூட்டிவிட விடாதீர்கள். நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேணும், 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் முகம் எடுத்து மட்டமாக்க வேணும். போல்ற்றுகளை வெளியிலிருந்து உள்ளாகத் தளர்த்தி, நடுவிலிருந்து வெளியாக மூன்று சுற்றில், டோர்க் ஸ்பனரால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பனரால்) இறுக்க வேணும்.

நிரப்புவதற்குக் கிணறு வேண்டாம். மாரியில் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணி, பற்றறித் தண்ணி, சுத்திகரித்த ஆர்ஓ குடிதண்ணி எதுவும் சரி. அதோடு கூலன்ற் பாதிக்குப் பாதி. பணம் முட்டுப்பட்டால் மூன்றில் ஒன்றாவது இருக்கட்டும். நம்முடைய ஊரில் கூலன்ற் உறைவதைத் தடுக்க அல்ல, துருவைத் தடுக்க. முன்சில்லுகளைக் கொஞ்சம் உயர்த்தி, மூடி திறந்தபடி மெதுவாக ஊற்றுங்கள். ஃபான் இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை ஐட்லில் விட்டு, குறைவதை நிரப்பி, மூடியைப் பூட்டுங்கள். அடுத்த நாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திரும்ப மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் ஒருக்கா இறுக்குங்கள். புது ஹோஸ் முதல் சூட்டோடு கொஞ்சம் தளரும்.