கிட்டார் கிரேடு தேர்வுக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலைப் பழகுவது

தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்திலிருந்து லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் ராக் அண்ட் பாப் கிட்டார் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த பேட்ச் போட்டீங்க?"

மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் என்பது ஆம்ப், எதிரொலி என்று பல சத்தங்களை ஒரே பெட்டியில் தரும் கருவி; அதில் ஒரு நம்பரில் சேமித்துவைத்த செட்டிங்தான் பேட்ச். நம்பரைச் சொல்லிவிடலாம், பிரயோஜனம் இருக்காது. என் கிட்டாரின் பிக்கப் வேறு, உங்களுடையது வேறு. நான் ஹெட்ஃபோனில் கேட்டுச் செய்ததை நீங்கள் சர்ச் கொயரின் மிக்சரில் போட்டால் வேறு சத்தம்தான் வரும். தேர்வில் 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். பெடலுக்குள் கம்பெனிக்காரன் அடைத்துவைத்த பேட்ச்களை நம்பி அந்தப் பக்கம் போகாதீர்கள். பாட்டு மூன்றுதானே? காலி பேட்ச் ஒன்றில் ஒரு ஆம்ப், ஒரு கேபினட் (ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்வது), கொஞ்சம் ரிவெர்ப் (அறையின் எதிரொலி) மட்டும் வைத்து அங்கிருந்து தொடங்குங்கள்.

பாஸ் (Boss) ஜிடி-1 ஆகட்டும், லைன் 6 பாட் கோ (Line 6 POD Go) ஆகட்டும், எந்தப் பெடலிலும் முதலில் பார்க்க வேண்டியது அவுட்புட் எங்கே போகிறது என்பது. மிக்சருக்கோ ஹெட்ஃபோனுக்கோ ரெக்கார்டிங்குக்கோ போனால் கேபினட் ஆன். நிஜ கிட்டார் ஆம்பின் இன்புட்டில் செருகினால் கேபினட் ஆஃப். அந்த ஆம்புக்கே ஸ்பீக்கர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சத்தம் அமுங்கிப்போகும். மிக்சரில் கேபினட் இல்லாமல் டிஸ்டார்ஷன் போட்டுப் பாருங்கள், காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும். "பெடல் மட்டம்ணே" என்று வருகிற புகார்களில் பாதி இந்த ஒரு செட்டிங்கில் தீர்ந்துவிடும்.

அடுத்தது கெயினும் வால்யூமும். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆம்ப் மாடலில் கெயின் என்பது சத்தம் எவ்வளவு உடைந்து கரகரக்க வேண்டும் என்பதற்கு. மாஸ்டர் பல மாடல்களில் பவர் ஆம்பின் குணத்தையும் சேர்த்து மாற்றும். சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைப்பது சேனல் வால்யூம், சில பெடல்களில் லெவல். பேக்கிங் டிராக்கை (கூட ஓடும் டிரம்ஸ், பாஸ் கிட்டார் பதிவு) ஓடவிட்டு, உடையாத கிளீன் பேட்சில் பாட்டின் பலமான இடத்தை ஓங்கி அடித்து லெவலை முடிவு செய்யுங்கள். பிறகு உடைந்த சத்தம் தரும் டிரைவ் பேட்சை அதற்குச் சமமாக்குங்கள். தனியாக வாசிக்கும்போது பிரமாண்டமாகக் கேட்ட டிரைவ், டிரம்ஸ் வந்ததும் காணாமல் போகும். உடனே கை கெயினுக்குத்தான் போகும்; அதைக் குறைத்து மிட்-ஐ (நடு ஒலி) ஏற்றிப் பாருங்கள். சோலோவுக்கு 3 டெசிபல் அளவுக்கு பூஸ்ட் வேண்டுமென்றால் ஆம்புக்குப் பின்னால் வையுங்கள். ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் ஆம்புக்கு முன்னால் வைத்தால் அழுக்கு கூடும், சத்தம் அவ்வளவாகக் கூடாது.

வீட்டில் ஆச்சி தூங்குகிறார்கள் என்று மெதுவாக வைத்துச் செய்த பேட்ச், பெரிய ஸ்பீக்கரில் ஊளையிடும். குறைந்த சத்தத்தில் பாஸும் (அடி ஒலி) டிரெபிளும் (மேல் ஒலி) நம் காதுக்குக் குறைவாகத்தான் எட்டும், அதனால் இரண்டையும் தெரியாமலே ஏற்றிவிடுகிறோம். வாசிக்கப்போகிற சத்தத்திலேயே ஒருதடவை திருத்துங்கள். கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். அடி ஒலியை வெட்டும் லோ கட்-ஐ 80க்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் நடுவில், மேல் ஒலியை வெட்டும் ஹை கட்-ஐ 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் வைத்தால் பாஸ் கிட்டாரோடும் சிம்பலோடும் சண்டை வராது.

டிலேக்கு (வாசித்ததைத் திரும்பச் சொல்லும் எஃபெக்ட்) டேப் டெம்போ சுவிட்சைத் தாளத்துக்கு மிதித்துக்கொண்டிருக்க வேண்டாம். டிராக்கின் வேகம் மாறாதென்றால் 60,000-ஐ பிபிஎம்-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்து எண்ணாகப் போடுங்கள். 120 என்றால் 500 மில்லிசெகண்ட், டாட்டட் எய்த் (முக்கால் தட்டு) வேண்டுமானால் அதில் முக்கால், 375.

வீடியோ அனுப்பும் தேர்வில் நிறுத்தி ஒட்டக்கூடாது, ஒரே ஓட்டம். ஆகவே மூன்று பேட்சையும் பாட்டு வரிசையில் அடுத்தடுத்து அடுக்கி, காலால் மாற்றுவதையும் பாட்டோடு சேர்த்தே பயிற்சி செய்யுங்கள். ஒரே பாட்டுக்குள் கிளீனிலிருந்து டிரைவுக்குப் போக வேண்டுமென்றால் பேட்சை மாற்றாமல் அந்த டிரைவை மட்டும் ஒரு சுவிட்சில் போடுவது நல்லது. பேட்ச் மாறும்போது சில பெடல்களில் டிலேயின் வால், அதாவது மிச்சமிருக்கும் எதிரொலி, அறுந்துவிடும். எதைத் திருகினாலும் சேவ் பண்ணுங்கள். சேவ் பண்ணாமல் அடுத்த பேட்சுக்குப் போனால் அவ்வளவு உழைப்பும் கடலில்தான்.

நம்ம ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. உப்புக்காற்றில் ஜாக்கும் குமிழும் பச்சை பிடித்துக் கரகரக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கேளுங்கள், தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். பெடலை மூடி வைக்கும் பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போடுங்கள். ரெக்கார்டிங்குக்கு எனக்குப் பிடித்தது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எஞ்சின் சத்தம் இராது. ஆனால் திருவிழா மைக் செட் எப்போது கட்டுவார்கள் என்று ஊரில் விசாரித்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

எர்த் சரியில்லாத வீடாக இருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வந்துகொண்டே இருக்கும், கம்பியைத் தொட்டால் குறையும். சின்னச் சத்தங்களை அடைக்கும் நாய்ஸ் கேட்-ஐ ஏற்றி அதை மறைத்தால் நீட்டிப் பிடிக்கிற நோட்டின் கடைசியையும் சேர்த்து வெட்டிவிடும். ஜிடி-1 நாலு ஏஏ பேட்டரியில் ஓடும். அடாப்டரைக் கழற்றிவிட்டு அதில் வாசித்துப் பாருங்கள். ஹம் போய்விட்டால் தேர்வு ரெக்கார்டிங் அன்றைக்குப் புது அல்கலைன் செல் நாலு வாங்கிப் போடுங்கள்.