262-வது ஆள்: ஒரு சீசன் குறிப்புகள்

4 டிசம்பர் 2022

மயாமி டால்ஃபின்ஸுடன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜிம்மி கரொப்பலோ அடிபட்டு வெளியே போய்விட்டார். பாதத்தில் எலும்பு முறிவு, இந்த சீசனில் இனி இல்லை என்று பிறகு கோச் கைல் ஷனஹன் சொன்னார். செப்டம்பரில் ட்ரே லான்ஸுக்குக் கணுக்கால் உடைந்தது. அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஜிம்மி. இப்போது ஜிம்மி இடத்துக்கு பிராக் பர்டி. வயது 22, இதுதான் முதல் ஆண்டு.

ஃபார்ட்டி நைனர்ஸ் ரசிகர்கள் மட்டுமே பெயர் தெரிந்து வைத்திருந்த ஆள். இந்த ஏப்ரலில் நடந்த டிராஃப்டில் 262 பேர் எடுக்கப்பட்டார்கள், பர்டி 262-வது. கல்லூரி வீரர்களை 32 அணிகளும் முறைவைத்து எடுக்கிற நிகழ்ச்சி அது. கடைசியாக எடுக்கப்படுபவருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று பட்டம். 1976-இல் பால் சலாட்டா என்பவர் தொடங்கி வைத்த கேலி. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சுக்குக் கூட்டிப்போய் விருந்து வைத்து ஒரு கோப்பையும் தருவார்கள். அந்தக் கோப்பையில் இருக்கும் பொம்மை பந்தைக் கைநழுவ விடுகிறது! சலாட்டாவும் ஒரு காலத்தில் ஃபார்ட்டி நைனர்ஸுக்கு ஆடியவர்தான்.

இன்றைய கணக்கு: எறிந்த 37 பாஸ்களில் 25 சேர்ந்தன, 210 யார்டு முன்னேற்றம், இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்ப்பது), ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). 33-17 வெற்றி. மயாமிக்காரர்கள் புதுப் பையன்தானே என்று ஆட்களைக் கும்பலாக மேலே ஏவிக்கொண்டே இருந்தார்கள். பையன் அடி விழும் என்று தெரிந்தே நின்று எறிந்தான்.

ஒரு வேடிக்கை. 2021-இல் ட்ரே லான்ஸை மூன்றாவது ஆளாக எடுப்பதற்காக ஃபார்ட்டி நைனர்ஸ் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் தாரை வார்த்தது இதே மயாமிக்குத்தான்.

11 டிசம்பர் 2022

டாம் பிரேடிக்கு எதிராக முதல் முழு ஆட்டம். பிரேடி 45 வயது குவாட்டர்பேக், ஏழு சூப்பர் பவுல் (லீகின் இறுதிப் போட்டி) வென்றவர், இந்தப் பக்கத்து சான் மட்டேயோவில் வளர்ந்தவர். 2000 ஏப்ரலில் அவர் 199-வது ஆளாக எடுக்கப்பட்டபோது பர்டிக்கு நான்கு மாதம்கூட முடியவில்லை.

35-7. ஆம், ஃபார்ட்டி நைனர்ஸ்தான் 35. பர்டி இரண்டு டச்டவுன் எறிந்தார், ஒன்றைத் தானே ஓடிப் போட்டார். முதன்முதலாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய நாளிலேயே பிரேடியைத் தோற்கடித்த முதல் குவாட்டர்பேக் இவர்தானாம். கேமரா அடிக்கடி பார்வையாளர் பக்கம் போனது. பர்டியின் அப்பா அழுதுகொண்டிருந்தார். பர்டி என்று அரங்கமே கத்தியது.

எல்லோரும் ‘எங்கிருந்து வந்தான்’ என்கிறார்கள். அயோவா ஸ்டேட் கல்லூரியில் நான்கு வருடம், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தொடக்கத்திலேயே இறங்கியவர். ட்ரே லான்ஸ் கல்லூரியில் ஆடிய மொத்த ஆட்டங்கள் அதில் பாதிகூட வராது. 2020-இல் கொரோனாவால் ஒரே ஒரு ஆட்டம். ஆனால் லான்ஸின் உயரம், வேகம், கையின் வலு எல்லாம் அளவு நாடாவுக்குள் வரும். பர்டியிடம் இருப்பது வராது. ரிசீவர் (பாஸைப் பிடிக்க ஓடுபவர்) திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போய்விடுகிறது. பஸ் வருவதற்குள் நிறுத்தத்தில் போய் நிற்கிற ஆளைப் போல, ரிசீவர் வந்து சேரும்போது பந்து அங்கே காத்திருக்கிறது.

ஃபார்ட்டி நைனர்ஸின் டிரே கிரீன்லா பிரேடியின் பாஸை இடைமறித்துப் பிடித்தார், ஆட்டம் முடிந்ததும் அதே பந்தில் பிரேடியிடமே கையெழுத்து வாங்கினார். அந்தத் துணிச்சல் எனக்கெல்லாம் வராது.

15 டிசம்பர் 2022

நான்கே நாளில் அடுத்த ஆட்டம், சியாட்டிலில். விலாப்பக்கம் அடிபட்டிருந்ததால் இறங்குவாரா என்றே சந்தேகமாக இருந்தது. இறங்கினார். ஜார்ஜ் கிட்டிலுக்கு இரண்டு டச்டவுன், 21-13. பிரிவுப் பட்டம் கைக்கு வந்துவிட்டது.

1 ஜனவரி 2023

லாஸ் வேகஸில் ரெய்டர்ஸ். கூடுதல் நேரம் வரை இழுத்து 37-34. நடுவே வாஷிங்டனையும் தட்டியாயிற்று. பர்டி வந்த பிறகு இன்றைக்குத்தான் முதல்முறையாக அணியின் தற்காப்பு சொதப்பியது, எதிரணிக்குச் சமமாகப் பாயிண்ட் சேர்க்க வேண்டிய நிலை பர்டிக்கு. ஷனஹனின் திட்டம்தான் எல்லாம், யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று டிவியில் சொல்கிறவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாம்.

அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மெக்காஃப்ரி, கிட்டில், ஐயுக் எல்லாம் ஐந்து யார்டு பாஸை இருபது யார்டாக்குகிறவர்கள். டீபோ சாமுவேலும் குணமாகி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நிக் போசாவும் ஃபிரெட் வார்னரும் இருக்கிற தற்காப்பு வேறு. ஆனால் இதே திட்டம் ஜிம்மியிடமும் இருந்தது. முதல் ஆள் மறிக்கப்பட்டால் நகர்ந்து, ஓடி, மூன்றாவது ஆளைத் தேடுகிற வேலை அவருக்கு அவ்வளவாக வராது. பர்டிக்கு வருகிறது.

14 ஜனவரி 2023

பிளேஆஃப், தோற்றால் வெளியேற வேண்டியதுதான். மறுபடி சியாட்டில், இந்த முறை நம் ஊரில், மழையில். பாதி ஆட்டம் முடிந்தபோது 17-16 என்று சியாட்டில் முன்னால். முதல் பாதியில் பர்டியின் பாஸ்கள் உயரத்தில் பறந்தன, சரி, கனவு முடிந்தது என்று நினைத்தேன். முடிவு 41-23. 332 யார்டு, மூன்று டச்டவுன், ஓடி ஒன்று.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இதே அணியின் பழைய குவாட்டர்பேக் ஜோ மான்டானா காலத்திலிருந்து பார்க்கிறவர். “மான்டானாவும் 82-வது ஆள்தான்” என்றார், 1979 டிராஃப்டை மனதில் வைத்து. ஒப்பிடுவதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

22 ஜனவரி 2023

டல்லஸ், 19-12. பர்டி டச்டவுன் எதுவும் எறியவில்லை, பந்தைப் பறிகொடுக்கவும் இல்லை. கிட்டில் ஒற்றைக் கையில் தட்டித் தட்டிப் பிடித்த அந்தப் பந்துதான் ஆட்டம். எனக்கு இந்த சீசனில் மிகவும் பிடித்தது இந்த அழகில்லாத வெற்றிதான்.

அடுத்தது ஃபிலடெல்ஃபியா, ஜெயித்தால் சூப்பர் பவுல். முதலாண்டு குவாட்டர்பேக் யாரும் இதுவரை சூப்பர் பவுலில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியதில்லை. இதற்கு முன் நான்கு பேர் இந்தப் படி வரை வந்து தோற்றிருக்கிறார்கள்.

29 ஜனவரி 2023

ஐந்தாவது ஆளும் தோற்றார். தோற்ற விதம்தான் ஆறவில்லை.

ஃபார்ட்டி நைனர்ஸ் கையில் பந்து வந்த முதல் தடவையே, பர்டி எறியக் கை தூக்கும்போது ஹாசன் ரெடிக் வந்து அந்தக் கையைத் தட்டினார். முழங்கையில் தசைநார் கிழிந்துவிட்டது. மாற்றாக ஜோஷ் ஜான்சன் வந்தார், 36 வயது, லீகில் அணி அணியாகச் சுற்றியவர். மூன்றாம் கால் பகுதியில் அவருக்குத் தலையில் அடி, வெளியே போக வேண்டியதாயிற்று. வேறு ஆள் இல்லை. மறுபடி பர்டி வந்தார், எறிய முடியாத கையோடு. பந்தை வாங்கி மெக்காஃப்ரியிடம் கொடுப்பது, மறுபடி கொடுப்பது. ஃபிலடெல்ஃபியாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று, இனி எறிய மாட்டான் என்று. 31-7.

லான்ஸின் கணுக்கால் உடைந்ததால் ஜிம்மி, ஜிம்மியின் பாதம் உடைந்ததால் பர்டி. அந்த வரிசையில் அடுத்தது பர்டியின் முழங்கை என்பதை இரண்டு மாதமாக யாரும் பேசவில்லை, நானும்தான் யோசிக்கவில்லை. தொடங்கிய ஆட்டங்களில் இன்றைக்கு முன்பு வரை ஒரு தோல்விகூட இல்லை.

11 மார்ச் 2023

நேற்று டெக்சஸில் அறுவை சிகிச்சை. பிப்ரவரியிலேயே நடக்க வேண்டியது, வீக்கம் வற்றாததால் தள்ளிப்போனது. கிழிந்த தசைநாரைத் தூக்கிப் போட்டு வேறொன்று வைக்காமல், அதையே தைத்து நார்ப்பட்டை கொடுத்து வலுப்படுத்தியிருக்கிறார்கள். முழுதாக மாற்றியிருந்தால் அடுத்த சீசனையே மறந்திருக்கலாம். இப்போது ஆறு மாதம் என்கிறார்கள், அதாவது செப்டம்பர் தொடக்கம்.

நான்கு வருட ஒப்பந்தம், மொத்தம் சுமார் 37 லட்சம் டாலர். இந்த லீகில் நல்ல குவாட்டர்பேக்குக்கு ஒரே வருடத்துக்கு அதைப் போலப் பத்து மடங்கு கொடுக்கிறார்கள்.

24 மே 2023

இந்த வாரம் லீக் விதியை மாற்றிவிட்டது. இரண்டு குவாட்டர்பேக்கும் அடிபட்டுப் போனால் மூன்றாவதாக ஒருவரை அவசரத்துக்கு இறக்கலாம், ஆட்ட நாளில் இறக்க அனுமதிக்கிற ஆட்கள் எண்ணிக்கையில் அவரைச் சேர்க்க வேண்டியதில்லை. ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைப் பார்த்த பிறகு இதை எதிர்த்து வாதாட யாருக்கு மனம் வரும்?

26 ஆகஸ்ட் 2023

ட்ரே லான்ஸை டல்லஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு. மூன்று முதல் சுற்று போட்டு வாங்கியவர். இங்கே நான்கே ஆட்டங்களில்தான் தொடக்கத்தில் இறங்கினார், அடிபட்டார், திரும்பி வந்தபோது இடம் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆடவே விடாமல் ஒரு ஆளை மோசம் என்று எப்படிச் சொல்வது? விலை வைத்தவர்கள் அணி நிர்வாகம், கெட்ட பெயர் பையனுக்கு.

பர்டி முகாமில் எறிகிறார், பந்து பழையபடி போகிறதாம். முதல் ஆட்டம் செப்டம்பர் 10, பிட்ஸ்பர்கில். அங்கே டி.ஜே. வாட் இருக்கிறார், குவாட்டர்பேக்கைச் சாய்ப்பதில் லீகிலேயே முன்வரிசைக்காரர். பயிற்சி முகாமில் குவாட்டர்பேக் மேல் யாரும் கை வைக்கக்கூடாது, அதனால் தைத்த முழங்கை வாங்கப்போகும் முதல் அடி அனேகமாக வாட்டுடையதுதான். வலப்பக்கத்தில் அவரைத் தடுக்க நிற்கப்போகிறவர் கோல்டன் மக்கிவிட்ஸ். அன்றைக்கு நான் பர்டியைவிட அவரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன்.