நெட்வொர்க் டிரைவர் டெஸ்ட் எழுதுறவங்களுக்கு: டிஎக்ஸ் ரிங்க முதல்ல முடிங்க

ரிசல்ட் மெயில் வந்துட்டு மக்கா, செலக்டட். அம்மைட்ட சொல்லிட்டு நேரா இத டைப் பண்ண உக்காந்துட்டேன், ஏன்னா களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல நெட்வொர்க் டிரைவர் (நெட்வொர்க் கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர்) எழுதுற வேலைக்கு டெஸ்ட் எழுதுற பசங்க வாட்சப்ல நோட்ஸ் கேட்டுட்டே இருக்காங்க. ரவுண்டு எத்தன, பேட்டர்ன் என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அத விடுதேன்.

எல்லாரும் செட்யூலிங், டிசிபி ஸ்டேட்னு உருண்டு புரண்டு படிக்காங்க. படிங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா என்னைய உள்ள தள்ளுனது டிரான்ஸ்மிட் க்யூவும் (டிஎக்ஸ், பாக்கெட் வெளிய போக நிக்கற வரிசை) டிஸ்கிரிப்டரும்தான் (டேட்டா மெமரில எங்க இருக்கு, எவ்வளவு நீளம்னு கார்டுக்குச் சொல்ற சின்னக் குறிப்பு, இத வட்டமா அடுக்குனதுதான் ரிங்). அதுலயும் ஒரே கேள்விதான் சுத்திச் சுத்தி வரும்: எதுக்கு எப்போ மெமரி அலகேட் ஆகுது, அதாவது ஒதுக்கறாங்க, ஆரு பண்ணுதா?

மூணு நேரமா பிரிச்சு வச்சுக்கிடுங்க. ஒண்ணு, ப்ரோப், அதாவது கார்ட கண்டுபிடிச்சு டிரைவர கெர்னல் (ஓஎஸ்ஸோட மையம்) கூப்பிடற நேரம். அலாக் ஈதர்டெவ் எம்க்யூஎஸ் ஃபங்ஷன கூப்பிடும்போது கெர்னல் பக்கத்து க்யூ எத்தனைங்கிற உச்ச வரம்பு முடிவாயிடும், பிறகு குறைக்கலாம், அதுக்கு மேல ஏத்த முடியாது. இன்டெல் 82599 நெட்வொர்க் சிப்புல 128 டிஎக்ஸ் க்யூ இருக்கு, அதுக்காக எல்லாத்தையும் யாரும் திறக்கறதில்ல, சிபியூ எத்தன, எம்எஸ்ஐ-எக்ஸ் வெக்டர் (கார்டு சிபியூவ கூப்பிடற தனித்தனி இன்டரப்ட்) எத்தன கிடைச்சுதுன்னு பாத்துதான் டிரைவர் எடுக்கும். ரெண்டு, ஓபன். இன்டர்ஃபேஸ அப் பண்ணும்போதுதான் டிஸ்கிரிப்டர் ரிங்குக்கு மெமரி வரும், அதுவும் டிஎம்ஏ (சிபியூ இல்லாம கார்டே நேரா மெமரியத் தொடறது) கோஹெரன்ட் மெமரி, சிபியூவும் கார்டும் ஒரே மாதிரி பாக்கறது. இன்டெல் இ1000 கார்டுல ஒரு டிஸ்கிரிப்டர் 16 பைட், லினக்ஸ் டிரைவர் டிஃபால்ட் 256 டிஸ்கிரிப்டர், பெருக்குனா 4096, கரெக்டா ஒரு பேஜ். கூடவே அதே நீளத்துல ஒரு சாஃப்ட்வேர் அரேயும் எடுக்கும், எந்த ஸ்லாட்ல எந்த எஸ்கேபி (கெர்னல் ஒரு பாக்கெட்ட வச்சிருக்கற பொதி) இருக்குன்னு குறிச்சு வைக்க, கார்டுக்கு அது கண்ணுக்கே தெரியாது, அதனால அது சாதா விசெட்அலாக் மெமரி. மூணு, அனுப்பறதுக்கு மேல இருந்து பாக்கெட் வர்ற நேரம். அப்போ டிரைவர் புதுசா ஒண்ணும் அலகேட் பண்றதில்ல!

இந்த மூணாவதுலதான் என்னைய பிடிச்சாங்க. இங்கிலீஷ்ல கேட்டுட்டு இருந்த சார் திடீர்னு மலையாளத்துக்கு மாறி, "அப்போ டிஎக்ஸ் பஃபர் ஆரா அலகேட் செய்யுந்நே?"ன்னாரு. நான் சொன்னேன், ஆரும் இல்ல சார், மேல நெட்வொர்க் ஸ்டாக்ல இருந்து வர்ற எஸ்கேபி டேட்டாவ டிஎம்ஏ மேப் பண்ணி அந்த அட்ரஸ டிஸ்கிரிப்டர்ல எழுதுவோம், அவ்வளவுதான், பாக்கெட் வாங்கற பக்கம், ஆர்எக்ஸ்லதான் முன்கூட்டியே பஃபர் போட்டு வைக்கணும்னு. பேனாவ கீழ வச்சுட்டு பக்கத்து ஆளப் பாத்து சிரிச்சாரு. எனக்கு அங்கயே தெரிஞ்சுட்டு.

அடுத்து கணக்கு. ஹெட்டர் ஒரு துண்டு, ஃப்ராக், அதாவது டேட்டா துண்டு, மூணு (ஒவ்வொண்ணும் 4096 பைட்டுக்குள்ள), டிஎஸ்ஓ (பெரிய டிசிபி டேட்டாவ கார்டே பாக்கெட்டா வெட்டறது) உண்டு, எத்தன டிஸ்கிரிப்டர்? நாலுன்னு எழுதிட்டு வர்றவங்கதான் அதிகம். டிஎஸ்ஓவுக்கு எப்படி வெட்டணும்னு சொல்ற கான்டெக்ஸ்ட் டிஸ்கிரிப்டர் ஒண்ணு தனியா வேணும், ஆக குறைஞ்சது 5. ஃப்ராக்ல ஒண்ணு 32 கேபி-ன்னா அது மட்டுமே 8 எடுக்கும், ஏன்னா இ1000 டிரைவர் ஒரு டிஸ்கிரிப்டருக்கு 4096 பைட்டுக்கு மேல போடாது.

ரிங்க கல்யாணப் பந்தி மாதிரி நினைச்சா மறக்காது. இலை போட்டுட்டே போறவன் நெக்ஸ்ட் டு யூஸ், சாப்பிடறது கார்டு, பின்னாடியே இலை எடுத்துட்டு வர்றவன் நெக்ஸ்ட் டு க்ளீன். ஹெட்டும் (கார்டு நிக்கற இடம்) டெயிலும் (டிரைவர் எழுதி முடிச்ச இடம்) ஒண்ணா நின்னா ரிங் காலின்னு அர்த்தம், அதனால முழுசா நிரப்பவே கூடாது, ஒரு ஸ்லாட் எப்பவும் சும்மா கிடக்கும். 256 போட்டா 255தான் கையில. காலி இடம் கணக்கிடுற ஃபார்முலா கடைசில மைனஸ் 1 வர்றது இதுக்குத்தான், அத மனப்பாடம் பண்ணாதீங்க, வரைஞ்சு பாருங்க. நான் பேப்பர் கிடைக்கற இடத்துல எல்லாம் வட்டம் போட்டேன், டிரெயின் டிக்கெட் பின்னாடி கூட. படிச்சாலே மண்டைல ஏறும்னா உங்களுக்கு இது வேண்டாம், எனக்கு கை ஓடினாதான் புத்தி ஓடும்.

மத்தது துண்டு துண்டா:

- டிடி-லென் (ரிங்கோட மொத்த நீளம்) ரெஜிஸ்டர் 128 பைட்டோட மடங்கா இருக்கணும். அதாவது டிஸ்கிரிப்டர் எண்ணிக்கை 8-ன் மடங்கு.
- அனுப்பி முடிஞ்சுதான்னு பாக்க ஹெட் ரெஜிஸ்டர படிக்கறதில்ல, பிசிஐ தாண்டிப் போய் படிக்கறது ஸ்லோ. மெமரில இருக்கற டிஸ்கிரிப்டர்ல டிடி (டிஸ்கிரிப்டர் டன்) பிட் பாத்தா போதும். அது விழணும்னா அனுப்பும்போது ஆர்எஸ் (ரிப்போர்ட் ஸ்டேட்டஸ்) பிட் போட்டிருக்கணும்.
- டெயில் எழுதறதுக்கு முன்னாடி மெமரி பேரியர் (எழுதற வரிசை மாறாம பாத்துக்கறது). ஏன்னு ஒரு வரி சொல்லுங்க: டிஸ்கிரிப்டர் எழுதி முடியாம கார்டு எடுத்துடக் கூடாது.
- 8 க்யூவுல அஞ்சாவதுக்கு மெமரி கிடைக்கலன்னா? முதல் நாலையும் பின்னோக்கி ஃப்ரீ பண்ணிட்டு எரர் திருப்பணும். கோடு எழுதச் சொல்வாங்க, வைல் ஐ மைனஸ் மைனஸ், முடிஞ்சுது.
- ரிங்ல இடம் இல்லன்னு க்யூவ ஸ்டாப் பண்ணின உடனே இன்னொரு தடவ இடம் இருக்கான்னு செக் பண்ணணும். நடுவுல க்ளீன் பண்றவன் புகுந்துட்டா க்யூ எழும்பவே எழும்பாது.
- ரிங்க 4096-க்கு ஏத்தினா நல்லதுதானேன்னு கொக்கி போடுவாங்க. லேட்டன்ஸி, அதாவது பாக்கெட் காத்துக் கிடக்கற நேரம், ஏறும். அதுக்குத்தான் 2012-ல வந்த லினக்ஸ் 3.3-ல பிக்யூஎல் (க்யூவுல எத்தன பைட் நிக்கலாம்னு வரம்பு போடறது) சேத்தாங்க, கட்டாயம் இத சொல்லுங்க.

கார்டு வாங்க காசு வேண்டாம், க்யூஇஎம்யூ (சாஃப்ட்வேர்லயே கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கற எமுலேட்டர்) தர்ற இ1000 கார்டு 82540இஎம்தான். எம்ஐடி-யோட எக்ஸ்வி6 (பாடத்துக்குன்னு எழுதின சின்ன ஓஎஸ்) நெட்வொர்க் லேப்ல 16 டிஸ்கிரிப்டர் ரிங் ஒண்ணு வரும், டிரான்ஸ்மிட் ஃபங்ஷன நீங்களே எழுதணும். அத முடிச்சுட்டு இன்டெல் 8254எக்ஸ் மேனுவல்ல டிரான்ஸ்மிட் பகுதிய மட்டும் படிங்க, முழுசும் தொட்டா தாங்காது.

ஜாயினிங் வரைக்கும் வீட்லதான் இருப்பேன். ஞாயித்துக்கிழம மார்த்தாண்டம் பக்கம் வர்றவங்க சொல்லுங்க, வட்டம் போட்ட நோட்ட ஜெராக்ஸ் எடுத்துக்கிடலாம்.