றோஸ் காயவில்லை

கார்த்திகை 14
யாழ்ப்பாணத்தில் விடாத மழை. ஒரு முகப்படத்தை மஞ்சள், றோஸ், கறுப்பு என்று திரையச்சில் அடிக்கப் பார்க்கிறேன். மெஷ் (வலைத்துணி) கட்டி எமல்சன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பசை) பூசிய பிரேம் நேற்றுப் பின்னேரம் தொடக்கம் இருட்டறையில் படுக்கையாகக் கிடக்கிறது. தொட்டால் ஒட்டவில்லை, ஆனாலும் நம்பக்கூடாது. உள்ளே ஈரம் நின்றால் எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் இறுகாது. கழுவும்போது படத்தின் புள்ளிகளும் தண்ணீரோடு போய்விடும்.

கார்த்திகை 15
காயவில்லை.

கார்த்திகை 16
அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் நடிகை மரிலின் மன்றோவை வைத்துச் செய்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1962இல் கன்வஸில் செய்தபோது முகத்து றோஸ், முடி மஞ்சள், இமை நீலம் எல்லாம் முதலில் கையால் தட்டையாகப் பூசியவை. கறுப்பு மட்டும் கடைசியில் திரைவழியே இறங்கியது. உதட்டுச் சிவப்பு கோட்டை மீறி நிற்பது அதனால்தான். ஐம்பது முகம் கொண்ட இரட்டைப் படத்தில் வலப்பக்கம் முழுக்கக் கறுப்பு: மை கூடின இடத்தில் கண்ணே அப்பிப்போகிறது, குறைந்த இடத்தில் முகம் புகையாகிறது. என்ன அழகு! 1967 தொகுப்பில் நிறங்களும் திரையிலேயே அடித்தவை. பத்துத் தாளிலும் ஒரே முகம். நிறம் மாற முகக்குணமே மாறுகிறது.

கார்த்திகை 18
வெயில்! முற்றத்தில் மட்டையால் மறைத்து மறைத்து, 20 செக்கன் படியாக வெளிச்சம் காட்டி ஒரு சோதனைப் பட்டை. நாலாவது படியில் புள்ளி கூர்மையாக நின்றது. 77 மெஷ் (சென்ரிமீற்றருக்கு 77 நூல்), அங்குலத்துக்கு 45 வரிப் புள்ளி, கோணம் 22.5 பாகை. நேராக வைத்தால் புள்ளியும் நூலும் மோதி அலை அலையாகக் கோலம் விழும்.

கார்த்திகை 19
மஞ்சள் 30 தாள். பிரேமைத் தாளிலிருந்து 3 மி.மீ. தூக்கி வைத்தேன், மை இழுக்கும் றப்பர் கடந்ததும் மெஷ் தானாக எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கலங்கும்.

கார்த்திகை 20
அந்த றோஸ். மஞ்சளின் மேல் விழுந்த இடமெல்லாம் செம்மஞ்சள். வெள்ளை கலந்தால் மூடும், ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர்போலச் செத்துவிடும். முகத்துக்குக் கீழே மஞ்சளையே வெட்டி எடுத்து, ஓரத்தில் றோஸை 1 மி.மீ. மட்டும் மஞ்சளில் ஏறவிட வேண்டும். அந்தக் கீற்றைக் கறுப்பு மறைக்கும். மஞ்சளுக்குப் புதுப் பிரேம், புதுத் தாள்.

கார்த்திகை 22
புது மஞ்சள் நேற்று வெயிலில் அடித்தது. இன்று மழை. றோஸ் இடது மூலையில் பொருந்துகிறது, வலதில் 1 மி.மீ. விலகல். தாள் ஈரம் குடித்து அகலித்துவிட்டது. எல்லாத் தாளிலும் நார் ஒரே பக்கம் ஓட வேண்டும். அடிக்க முதல்நாளே அறையில் விரித்துவிட வேண்டும். நாலு தாளில் றோஸ் கன்னத்தைத் தாண்டி நிற்கிறது. எறிய மனமில்லை.

கார்த்திகை 23
றோஸ் இன்னும் விரலில் ஒட்டுகிறது. கறுப்புப் பிரேமை எடுக்கவில்லை.