தொலைந்த குதிரைவலு

போன வருடம் மாசி மாதம், தெருவோரப் பனி கரையாமல் கிடந்த ஒரு காலை, 1982ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்.சி. ஒன்றை ரெயிலரில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண்மணி எங்கள் கராஜுக்கு வந்தார். அவருடைய தகப்பனார் ஓடிய கார். அவர் காலமாகி ஆறு வருடம். கார் அந்த ஆறு வருடமும் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. இடையிடையே ஸ்ரார்ட் பண்ணி அயலைச் சுற்றி வந்ததோடு சரி.

"இதில் 250 குதிரைவலு வேண்டும். முடியுமா?" அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

முடியும். காசைக் கொட்டினால் அதற்கு மேலும் முடியும். ஆனால் ஸ்ருட்காட்டுக்கு வெளியே நாலு பேர் வேலை செய்யும் இந்தச் சின்னக் கராஜில் இருபது வருடத்துக்கு மேலாக நான் பழகிவந்த வழக்கம் வேறு. எங்கள் பழைய மைஸ்ரர் (தலைமை மெக்கானிக்), இப்போது ஓய்வுபெற்றுவிட்டவர், எனக்குப் பழக்கியது அது: புதிதாக ஒன்றைப் பூட்டுவதற்கு முதல், தொலைந்துபோனதைத் தேடு. அதனால் காரை முதலில் உருளைகளின் மேல் ஏற்றி வலுவை அளந்தோம். தொழிற்சாலைக் கணக்கில் 204 இருக்கவேண்டிய எஞ்சின் 168 காட்டியது. காகிதத்தை நீட்டியபோது அந்தப் பெண்மணியின் முகம் வாடிவிட்டது. எனக்கோ மனதுக்குள் சந்தோஷம். முப்பத்தாறு குதிரைகள் எங்கோ உள்ளேதான் நிற்கின்றன, அவற்றுக்குப் புதுச் சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை.

காற்றால் குளிரும் எஞ்சின்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1964இல் இருந்து 1998 வரை வந்த 911களில் தண்ணீரும் ரேடியேற்றரும் கிடையாது. மூன்று மூன்று சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்க, பின்பக்கத்தில் பெல்ற்றில் சுழலும் பெரிய காற்றாடி ஒன்று அவற்றின் துடுப்புகளுக்கு மேலாகக் காற்றை ஊதும். மிச்சச் சூட்டைச் சுமப்பது ஒயில். எஸ்.சி.யில் ஏறக்குறைய 13 லீற்றர் ஒயில் இருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் தேங்கி நிற்காமல் தனித் தாங்கிக்குப் போய், முன் வலப்பக்க மட்காட்டுக்குள் இருக்கும் கூளர் வரை ஓடித் திரும்பும். அளவு பார்ப்பதென்றால் எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதரையில் நின்று, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்கவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் குச்சியை இழுத்துப் பார்த்துவிட்டு, குறைகிறதென்று அளவுக்கு மேல் ஊற்றிவிடும் ஆட்களை இன்னும் காண்கிறேன்.

அதனால் இந்தக் காரில் வலுவைப் பற்றிய எந்தக் கேள்வியும் கடைசியில் சூட்டைப் பற்றிய கேள்விதான். இதை நான் ஜேர்மனியில் படித்தேன் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், மாமாவின் கராஜில், என் பதின்மூன்று பதினாலு வயதில் படித்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் கண்ணாலும் காணக்கிடைக்காது. ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்திலில் காத்துவைத்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வாயு எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு, 7ஐ ஒட்டித்தான், அதனால்தான் மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. மாமா ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்ப்பார். "இஞ்ச பார் தம்பி, இது கறுத்துக் கிடக்கு, மண்ணெண்ணெய் எரியாமல் ஒயிலுக்குள்ள இறங்குது. இது வெளிறிக் கிடக்கு, சூடு ஏறுது. எஞ்சின் வாய் திறந்து சொல்லாது, நாங்கள்தான் வாய்க்குள்ள பார்க்கவேணும்" என்பார். அந்த எஸ்.சி.யின் அமுக்க விகிதம் 9.8. அதற்கு 98 ஒக்ரேன் பெற்றோல் வேண்டும். ஆனாலும் நான் முதலில் செய்தது மாமா செய்ததைத்தான்: ஆறு பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறில் நாலு வெள்ளைச் சாம்பல் நிறம். காற்று கூட, பெற்றோல் குறைவு.

இந்தக் காரில் உள்ள கே-ஜெற்ரோனிக் என்ற பெற்றோல் செலுத்தும் முறையில் ஒரு வட்டத்தகடு உள்ளிழுக்கும் காற்றில் மிதக்கும். காற்று எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவுக்குப் பெற்றோல் போகும். தகட்டைத் தாண்டிய பிறகு வேறு வழியாகக் காற்று புகுந்தால் அது கணக்கில் வராது. நாற்பது வருடத்து ரப்பர் இணைப்புகள் பிஸ்கற் போல் நொறுங்கியிருந்தன. பெற்றோல் தெளிகருவிகளைச் சுற்றியிருக்கும் சின்ன வளையங்கள் கல்லாகியிருந்தன. உள்ளே புகையை ஊதிப் பார்த்தோம். ஐந்து இடத்தில் கசிந்து வந்தது. எல்லாவற்றையும் மாற்றினோம்.

அடுத்தது டிஸ்ரிபியூற்றர், ஒவ்வொரு பிளக்குக்கும் நெருப்புப் பொறியைப் பங்கிடும் கருவி. அதைக் கழற்றி மேசையில் வைத்து, நடுத்தண்டைப் பிடித்து முறுக்கிவிட்டேன். நல்ல நிலையில் இருந்தால் சுண்டிவிட்டதுபோல் திரும்பி வரவேண்டும். இது முறுக்கிய இடத்திலேயே நின்றது. உள்ளே இரண்டு எடைக்கட்டைகள் இருக்கின்றன. எஞ்சின் வேகம் கூடக்கூட அவை வெளியே விரிந்து, நெருப்புப் பொறியின் நேரத்தை முன்னுக்குத் தள்ளும். பழைய கிறீஸ் காய்ந்து மண்ணிறப் பிசினாகி, அந்தக் கட்டைகளை அவற்றின் ஊசிகளோடு ஒட்டிவைத்திருந்தது. அப்படியானால் வேகம் கூடியும் பொறி பிந்தித்தான் விழும். எரிதல் முடியாத வாயு எக்ஸோஸ்ற் வழியாகச் சூட்டோடு வெளியேறும். வலு குறையும், தலைப்பகுதி கொதிக்கும். மரக்குச்சியால் சுரண்டி, கழுவி, தண்டின் உச்சியில் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டில் மூன்று சொட்டு ஒயில் விட்டேன். திரும்பவும் முறுக்கிவிட்டபோது 'டிக்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு வால்வ் இடைவெளி, வால்வுக்கும் அதைத் தள்ளும் நெம்புக்கும் நடுவில் விடவேண்டிய வெளி. பன்னிரண்டு வால்வ், ஒவ்வொன்றுக்கும் 0.10 மில்லிமீற்றர், எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கவேண்டும். கப்பியில் உள்ள இசட்-1 குறியை வைத்து முதலாவது சிலிண்டரில் தொடங்கி, 120 பாகை 120 பாகையாகத் திருப்பி, 1-6-2-4-3-5 என்ற வரிசையில் போகவேண்டும். மேலே உள்ளவை கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ள எக்ஸோஸ்ற் வால்வுகள் காருக்கு அடியில் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி, விரலால் மட்டுமே அறிகிறவை. பீலர் கேஜ் தகடு உள்ளே போகும்போது வெண்ணெயை வெட்டும் கத்திபோல் ஓர் இழுவை இருக்கவேண்டும். இலகுவாக வழுக்கினாலும் பிழை, இறுகப் பிடித்தாலும் பிழை. பூட்டு நட்டை இறுக்கும்போது திருகு ஒரு மயிரிழை திரும்பிவிடும், திரும்பவும் அளக்கவேண்டும். அந்தக் காரில் இரண்டு எக்ஸோஸ்ற் வால்வுகளுக்கு இடைவெளி கொஞ்சமும் இல்லை. வால்வ் முழுதாக மூடாமல் இருந்திருக்கிறது. இருக்கையில் முழுதாக உட்கார்ந்தால்தான் வால்வுக்குத் தன் சூட்டை இறக்கிவிட முடியும். இன்னும் ஒரு கோடை ஓடியிருந்தால் அவை எரிந்திருக்கும்.

திரும்ப உருளையில் ஏற்றினோம். 199.

அந்தப் பெண்மணி வந்து ஓடிப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். "அப்பாவோடு போனபோது இப்படித்தான் இருந்தது" என்றார். பிறகு இறங்கி, "ஆனால் எனக்கு இன்னும் வேண்டும்" என்றார். எனக்கு அவரை அதனால்தான் பிடித்தது.

அவருக்கு மூன்று வழி சொன்னேன். 95 மில்லிமீற்றர் சிலிண்டர்களை எடுத்துவிட்டு 98 போட்டால் 2994 சி.சி. 3186 ஆகும், அது எஞ்சினை இறக்கிப் பிரிக்கும் வேலை. பின்னாளைய 3.6 லீற்றர் எஞ்சினை அப்படியே தூக்கி வைக்கலாம். 250 உறுதி, ஆனால் தகப்பனாரின் எஞ்சின் ஒரு மூலையில் கிடக்கும். மூன்றாவது, இருக்கிற எஞ்சினிலேயே மூச்சைக் கொஞ்சம் அகலமாக்குவது. நான் அதைத்தான் விரும்பினேன், அதை மறைக்கவுமில்லை.

வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டை மாற்றுவதென்றால் கே-ஜெற்ரோனிக் ஒரு எல்லை போடும். பந்தயக் கேம் போட்டால், இரு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் நீண்டு, காற்று துடித்துத் துடித்துப் பின்வாங்கும். மிதக்கும் தகடு நடுங்கும், ஐட்லிங் கெட்டுப்போகும். அதனால் பின்னாளைய 911 ஆன 964 மாதிரியின் மிதமான வடிவத்துக்கு, இருந்த கேம்ஷாஃப்டுகளையே சாணை பிடிக்கக் கொடுத்தோம். பூட்டும்போது டயல் கேஜை முதலாம் சிலிண்டரின் உள்வால்வில் வைத்து, கிராங்கை ஒரு முழுச்சுற்றுத் திருப்பி, வால்வ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். 964க்கு 1.26 மில்லிமீற்றர். ஊசியை உருவி, அடுத்த துளையில் போட்டு, திரும்பச் சுற்றி, திரும்ப அளந்து, பிறகு மற்றப் பக்கத்தில் நாலாம் சிலிண்டர். அரை நாள் போய்விட்டது. இதில் அவசரப்படுகிறவரை நான் எஞ்சினுக்குக் கிட்ட விடமாட்டேன். கேபினுக்குச் சூடு தரும் எக்ஸோஸ்ற் பெட்டிகளை 1974க்கு முந்தைய மாதிரிக்கு மாற்றினோம், அதற்கேற்ற சைலன்சரோடு. வாயு போகும் வழி சுருக்கமாகவும் சமமாகவும் அமைந்தது.

அவற்றோடு கூடவே, வலு எதையும் தராத இரண்டு வேலைகளையும் செய்தேன். வளைந்த குழாயாக இருந்த ஒயில் கூளருக்குப் பதிலாகப் பிற்காலத்துத் துடுப்புக் கூளர். அடுத்தது, எஞ்சினைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டி. மலிவான ஒரு ரப்பர்தான். அதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2003இல், நான் தனியாக எஞ்சின் ஏற்றத் தொடங்கிய காலம். ஒரு வாடிக்கையாளர் அடுத்த நாள் இத்தாலிக்குப் புறப்பட இருந்தார். புது ரப்பர் பட்டி வந்து சேரவில்லை. பழையது இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. இந்தக் கோடைக்குப் போதும் என்று நினைத்து அதையே வைத்துப் பூட்டினேன். மேலே இருக்கும் குளிர்ந்த காற்றையும் கீழே எக்ஸோஸ்றின் சூட்டையும் பிரிப்பது அந்தப் பட்டி மட்டும்தான். கிழிசல் வழியாகச் சூட்டுக்காற்று மேலேறி, காற்றாடி அதையே திரும்பத் திரும்பச் சிலிண்டர்களுக்கு ஊதியது. அல்ப்ஸ் ஏற்றத்தில், வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒயில் ஊசி சிவப்புக்குப் போனது. கார் இழுவை வண்டியில் திரும்பி வந்தது. மூன்றாம் சிலிண்டரின் சுவரில் விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல்கள். மைஸ்ரர் என்னைத் திட்டவில்லை. அந்தக் கிழிந்த பட்டியைக் கையில் தந்து, "விலை என்ன என்று பார்" என்றார். பிறகு எஞ்சினின் கணக்கைப் பக்கத்தில் வைத்தார். வாடிக்கையாளரிடம் ஒரு சதம் வாங்கவில்லை. அந்தப் பட்டித் துண்டு இன்றும் என் லாச்சியில் இருக்கிறது.

ஜேர்மனியில் இப்படி மாற்றியதெல்லாம் பரிசோதகருக்குக் காட்டி வாகனப் பத்திரத்தில் பதிவாகவேண்டும். முப்பது வருடம் கடந்த காருக்குக் கிடைக்கும் 'எச்' எழுத்துப் போட்ட இலக்கத்தகடு இருந்தால் இன்னும் கவனம். அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடிய மாற்றமா என்று பார்ப்பார்கள். வேலை தொடங்க முன்பே பரிசோதகரிடம் பேசிவிடுவது என் வழக்கம். பிறேக்கும் அதிர்வுதாங்கிகளும் புதுப்பித்தோம், ரயரும் மாற்றினோம். 1973இன் கரேரா ஆர்.எஸ்.ஸுக்கு 210 குதிரைவலுதான். அதன் இலகுவான வகை 960 கிலோ. அந்தக் கார் அப்படி ஓடியதற்கு எடைதான் பாதிக் காரணம். இதைச் சொன்னபோது அந்தப் பெண்மணி, "பின் இருக்கையைக் கழற்றமாட்டேன், அது என்னுடைய இடம்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

கடைசி அளவு 221.

"250 இல்லையே" என்று நானே முதலில் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டுச் சாவியை என்னிடம் தந்தார். "மேலே ஏறும்போது நீங்கள் ஓடுங்கள், நான் பின்னால் இருக்கிறேன்."

வைகாசி மாதத்து வெயில். பாட் உராக்கில் இருந்து மேட்டுநிலத்துக்கு ஏறும் வளைவுகளில், மூன்றாம் கியரில், 4000 சுற்றுக்கு மேல் அந்த எஞ்சின் திறந்துகொண்டது. முதுகுக்குப் பின்னால் காற்றாடியின் சீறலும் ஆறு சிலிண்டரின் உறுமலும் ஒன்றாகக் கேட்டன. நான் பாதி நேரம் பாதையையும் பாதி நேரம் ஒயில் ஊசியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி 95 பாகை அளவில் நின்றது. உச்சியில் வண்டியை ஓரமாக்கி, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப் பின் மூடியைத் திறந்து, ரப்பர் பட்டியை விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒட்டி இருந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் அந்தச் சின்னப் பின் இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தார்.